கையால் அடித்த மூச்சு

வரதனுக்கு மூச்சு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவன் இழுக்கவில்லை. விடவும் இல்லை. யாரோ காற்றை உள்ளே அனுப்பினார்கள், நெஞ்சு ஏறியது. அனுப்பிய கை ஓய்ந்தது, நெஞ்சு தானாக இறங்கியது. இறங்கியதற்கும் அடுத்து ஏறுவதற்கும் நடுவே சற்று நேரம் எல்லாம் சும்மா இருந்தது. அந்தச் சும்மாவில் அவன் தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். மேலே வெயில் பச்சையாக ஆடியது. நெல்வேர்கள் அவன் முகத்துக்கு நேராகத் தாடிபோலத் தொங்கின. எங்கோ தூரத்தில் டொக், டொக் என்று ஒரு சத்தம். அது அவனுக்குப் பழகிய சத்தம். முதுகில் மாட்டிய மருந்து டாங்கியின் கைப்பிடியை இடது கையால் ஏற்றி இறக்கினால் வருவது. நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே வரப்புக்கு வரப்பு நடந்தவன் அவன். இப்போது முதுகில் டாங்கி இல்லை. அவனே டாங்கியாகக் கிடந்தான். வேறு எவனோ அவனை அடித்துக்கொண்டிருந்தான்.

இதில் பயம் ஒன்றும் இருக்கவில்லை. நாம் படுத்துக் கிடக்க, நமக்காக இன்னொருத்தன் உழைக்கிறான். இது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

அன்று காலை வரைக்கும் அவன் டாங்கி சுமந்துகொண்டுதான் இருந்தான். ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றோரக் கழனிகளில் குட்டையான புது ரக நெல் வந்து இரண்டு மூன்று போகம் ஆகியிருந்தது. நெல்லோடு பூச்சியும் வந்தது, பூச்சியோடு மருந்தும் வந்தது. மருந்து அடிக்க மேஸ்திரி திருமலை ஒரு கோஷ்டி வைத்திருந்தார். அதில் முன்னால் நடக்கிறவன் வரதன். மருந்தைத் தண்ணீரில் கலக்க அவன் குச்சி தேடமாட்டான். முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவுவான். டாங்கி கசிந்து முதுகுத்தண்டு வழியாக இடுப்பு வரை இறங்கும். சாயங்காலமானால் தலை கனக்கும், கண் கூசும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். படுத்து எழுந்தால் போய்விடும் என்று எல்லாரும் சொல்வார்கள். முக்கால்வாசி போகும். மீதியோடு மறுநாள் வேலைக்குப் போவார்கள்.

அவனுக்கு அடிவயிற்றில் ஒரு புடைப்பு இருந்தது. மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. குடல் கீழே இறங்கும். அவன் வரப்பில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அழுத்தி, அதை உள்ளே அனுப்பிவிட்டு மறுபடியும் டாங்கியை மாட்டிக்கொள்வான். அன்று அது உள்ளே போகவில்லை. கல்லாகி நின்றுவிட்டது. அவன் வரப்பிலேயே சுருண்டான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்னால் அவர்கள் காலனியில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அவன் மனைவி பூவம்மாள் அவனை வாய்க்கால் ஓரம் உட்காரவைத்து, அடுப்புச் சாம்பலும் களிமண்ணும் போட்டுத் தேய்த்தாள். புளியைக் கரைத்து ஊற்றி இன்னொரு தடவை தேய்த்தாள். வலியில் அவன் நெளிந்தான், அவள் விடவில்லை. அந்த மருந்துக்கு அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை. அந்த வாடையோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது.

காரணம் கோவிந்தம்மா. மருந்து அடித்த கழனியில் மறுநாளே களை எடுக்கப் போய் வாயில் நுரை தள்ளி விழுந்தவள். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எவனோ விவரம் தெரியாமல் பூச்சிமருந்து என்று சொல்லிவிட்டான். அப்போதெல்லாம் அந்தப் பேரைக் கேட்டால் குடித்து உயிரை விடப் பார்த்தவள் என்றுதான் அர்த்தம். போலீஸ் வந்தது. அவளாகக் குடித்தாளா, புருஷன் குடிக்க வைத்தானா என்று கேட்டுக் கேட்டு அவள் புருஷனை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். பிழைத்து எழுந்தவளைக் கோர்ட்டுக்கு நடக்கவிட்டார்கள். அதற்குப் பிறகு காலனியில் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெயில் தாக்கிவிட்டது என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள். மருந்துப் பேச்சு ஆஸ்பத்திரிக்குள் எடுப்பதில்லை.

மாட்டுவண்டியில் ஏறும்போது வரதன் பூவம்மாளின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

"எவன் இன்னா கேட்டாலும் மருந்து அடிக்கிறேன்னு மட்டும் சொல்லாத. என் தல மேல சத்தியம் பண்ணு."

அவள் பண்ணினாள்.

அது பாதிரிமார்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் புங்கமரங்கள். அறுக்கிறவர் ஒருவர், நரைத்த தலை. அவரைப் பெரிய டாக்டர் என்றார்கள். மயக்கம் கொடுக்கிறவர் துளசிராமன், வயது குறைவு, பேச்சும் குறைவு. என்ன வேலை என்று அவர் கேட்டார், வரதன் கூலி வேலை என்றான். மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார், இல்லை என்றான். அது உண்மைதான். கையில் ஊசி இறங்கியது. வாய்க்குள் பூண்டு வாடை ஏறியது, அதன்மேல் இனிப்பாக வேறொரு வாடை கவிந்தது. கூரை மெதுவாகத் தண்ணீராக மாறியது.

அந்தத் தண்ணீரில்தான் இப்போது கிடந்தான்.

தண்ணீருக்கு மேலே ஆட்கள் பேசினார்கள். சொற்கள் கூழாங்கல் மாதிரி மெதுவாக இறங்கி அவன்மேல் உட்கார்ந்தன. அவனை அடித்துக்கொண்டிருந்தவன் பேர் தாவீது. ஆஸ்பத்திரி வேலையாள். தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ரப்பர் மடிப்பு வைத்த துருத்தி ஒன்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அதிலிருந்து ஒரு குழாய் வரதனின் வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் போயிருந்தது. வரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. இமை திறக்கவில்லை. ஆனால் தாவீது கை வேலையைவிட வாய் வேலை அதிகம் செய்கிறவன்.

"மெட்ராசுல இதுக்கு மிசின் கீதாம் சார். கரண்ட போட்டா அதுபாட்டுக்கு ஊதிக்கினு இருக்குமாம். நம்ம ஊருக்கு நான்தான் மிசின். நாஷ்டா போட்டாதான் ஓடும்."

"ஊதறது பெரிசில்லை, தாவீது," என்றார் துளசிராமன். "நெஞ்சு முழுசா இறங்கறவரைக்கும் பொறுக்கணும். அதுதான் வேலை."

வரதன் தண்ணீருக்கு அடியில் அந்த மெட்ராஸ் மிஷினைப் பார்த்தான். கடற்கரையில் நின்றது, தென்னை உயரம். அது ஊதினால் ஊரே ஏறி இறங்கியது. வீடுகள், பஸ்கள், அலைகள் எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டன. ஒருத்தனுக்கும் கை வலிக்கவில்லை.

பெரிய டாக்டர் முடிந்தது என்றார். குடல் கறுக்கவில்லை, நல்லவேளை என்றார். இனிப்பு வாடை மெல்லக் கழன்றது. துளசிராமனின் குரல் கிட்டே வந்தது.

"நிறுத்து. தானா இழுக்கறாரா பார்ப்போம்."

டொக் சத்தம் நின்றது. நெஞ்சு இறங்கியது. வழக்கமான சும்மா வந்தது. இந்தத் தடவை அது நீண்டது. வரதன் காத்திருந்தான். மேலே பச்சை வெளிச்சம் பழுப்பாகியது, பழுப்பு சேறாகியது. வேர்கள் ஆடாமல் நின்றன. இழுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சைக் கூப்பிட்டான். கையைக் கூப்பிட்டான். காலை, இமையை, நாக்கைக் கூப்பிட்டான். கூப்பிட்ட இடத்தில் யாரும் இல்லை. தன் உடம்பு பூட்டிக்கிடக்கிறது, தான் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அடி, தாவீது. அடி."

டொக். காற்று வந்தது. சேறு கலைந்தது.

அதற்குப் பிறகு பலமுறை நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சேறு வந்தது, ஒவ்வொரு முறையும் தாவீது அவனை மீட்டான். தாவீதின் பேச்சு குறைந்தது. பெரிய டாக்டரின் குரல் தடித்தது. குழாய் இறக்கும் முன் உடம்பைத் தளர்த்தப் போட்ட ஊசி இந்நேரம் கரைந்திருக்க வேண்டுமே, ஏன் இன்னும் கட்டை மாதிரி கிடக்கிறான் என்று கேட்டார். மூளைக்குள் ஏதாவது ஆகியிருக்கும், நம்மிடம் ஒன்றும் இல்லை, மெட்ராசுக்கு அனுப்பு, அங்கே மிஷின் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரி மோட்டார் வண்டியை எடுக்கச் சொன்னார்.

துளசிராமன் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வரதனுக்குள் ஒரு வெள்ளைச் சூரியன் வந்து போனது. கண்ணின் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறது, எச்சிலும் ஓயாமல் ஊறுகிறது என்றார். நாம் வலிக்குப் போட்ட ஊசியாலும் பாப்பா சுருங்கும், அதை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் பூச்சிமருந்து உடம்பில் ஊறியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். தளர்த்துகிற ஊசியைக் கரைக்கிற சத்து ரத்தத்தில் இருக்கிறது, பூச்சிமருந்து அதைத் தின்றுவிடும், பிறகு நிமிஷத்தில் கரைவது மணிக்கணக்கில் கரையும். அப்படி என்றால் பயமில்லை, கரைகிறவரைக்கும் காற்று அடித்தால் எழுந்துவிடுவான். அப்படி இல்லை என்றால் மெட்ராஸ்தான். ஆனால் இந்த ரோட்டில், ஆற்றுத் தரைப்பாலத்தில், குழிக்குக் குழி வண்டி எகிறும்போது குழாய் நழுவினால் அதோடு போச்சு.

வரதன் எல்லாவற்றையும் கேட்டான். தண்ணீர் திடீரென்று தெளிந்தது. முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவிய தன் கை, பால் மாதிரி வெளுத்த மருந்துத் தண்ணீர், முதுகில் வழிந்த குளிர்ச்சி, எல்லாம் கண்முன் வந்து நின்றன. இதுதான், ஐயா, இதுதான் என்று கத்தினான். அவனுக்குள் அது ஏரிக்கரை உடைந்தமாதிரி கேட்டது. வெளியில் தாவீதின் துருத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

பூவம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரியும். வலது குதிகால் வெடிப்பு தரையில் உரசும். அது கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றது. அவள் விரல்கள் அவன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன.

துளசிராமன் பொறுமையாகத்தான் கேட்டார். இவர் கழனியில் பூச்சிமருந்து அடிக்கிறாரா? யோசித்துச் சொல்லுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்.

"கூலி வேலதான் ஐயா," என்றாள் பூவம்மாள்.

"என்ன கூலி?"

"நடவு, அறுப்பு, மூட்ட தூக்கறது. இன்னா வேல கெடைக்குதோ அது."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். பூட்டுப் போட்டவன் அவன். சாவி அவன் வாயில் இருந்தது. அந்த வாயில் குழாய் இருந்தது. வெளியே வண்டி செருமியது, அணைந்தது, மறுபடியும் செருமிப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்கு மேலே யாரோ அவனைத் தூக்க ஸ்ட்ரெச்சரைத் தட்டிப் போட்டார்கள். வரதன் தரைப்பாலத்தைப் பார்த்தான். நடுவில் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தான். அங்கே வண்டி எகிறியது. குழாய் கழன்று கோரைப்புல்லுக்குள் பாம்பு போலப் போனது. அவன் அதன் பின்னாலேயே போனான், அழகான வெயில், யாரும் அவனை அடிக்கவில்லை.

"சார்," என்றான் தாவீது. "கண்ணுல தண்ணி வருது."

எல்லாரும் நின்றார்கள். டாக்டர் தூக்கிவிட்ட இமை அரைக்கண்ணாக நின்றிருந்தது. அதன் ஓரத்திலிருந்து நீர் இறங்கி வரதனின் காதுக்குள் போனது. அது சூடாக இருந்தது. இவ்வளவு நேரத்தில் அவனுடைய உடம்பு அவனுக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மருந்து ஊறினாலும் கண்ணில் நீர் வரும், அழுதாலும் வரும் என்றார் துளசிராமன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இவருக்கு நாம் பேசுவது கேட்கிறது என்று நினைக்கிறேன் என்றார்.

பூவம்மாள் கால்மாட்டை விட்டுத் தலைமாட்டுக்கு வந்தாள். முந்தானையால் அவன் காதைத் துடைத்தாள். குடித்துவிட்டு வந்த நாளிலும், முதல் பிள்ளையைப் புதைத்த நாளிலும் அவன் கண்ணில் நீர் பார்த்ததில்லை அவள். துருத்தி ஏறி இறங்கியது. பிறகு டாக்டரைப் பார்க்காமல் புருஷனின் காதோடு பேசினாள். ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

"யோவ், கேட்டுக்க. நான் சொல்லப்போறேன். உன் தல மேலதான சத்தியம் பண்ணேன்? தல இருந்தாதான சத்தியம்."

நிமிர்ந்தாள்.

"அடிக்கிறாரு ஐயா. இன்னிக்குக் காலைலகூட அடிச்சாரு. நான்தான் வாட தெரியாம தேச்சிக் கழுவி இட்டாந்தேன். குடிக்கல. கூலிக்கு அடிச்சாரு. போலீசு வந்து குடிச்சான்னு எழுதுனா நான் ஒத்துக்கமாட்டேன்."

துளசிராமன் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வண்டியை அணைக்கச் சொன்னார். பெரிய டாக்டர் முணுமுணுத்தார். இத்தனை நேரம் இதைச் சொல்ல இவளுக்கு என்ன கேடு என்றார். போலீஸ் என்று அவள் சொன்னதைத் திரும்ப ஒருதரம் கேட்டுக்கொண்டு, வெளியே போய்விட்டார். துளசிராமன் அவளிடம், வேலை செய்து வந்த கோளாறு என்றுதான் எழுதுவேன், அதற்கு எவனும் வரமாட்டான் என்றார். அவள் நம்பினமாதிரி தெரியவில்லை. இனிமேல் என்ன வைத்தியம் என்று மட்டும் கேட்டாள்.

"இதுதான் வைத்தியம்," என்று அவர் துருத்தியைக் காட்டினார். "நிறுத்தாம அடிக்கணும். அவ்வளவுதான்."

அடித்தார்கள். ஜன்னல் வெயில் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையில் தவழ்ந்து, எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கியது. தாவீது அடித்தான், துளசிராமன் அடித்தார், மறுபடியும் தாவீது. வரதன் மறுபடியும் தண்ணீருக்கு அடியில் போனான். இந்தத் தடவையும் பூட்டு இருந்தது, ஆனால் வெளியே ஆட்களுக்கு அவன் உள்ளே இருப்பது தெரியும். அது போதுமாக இருந்தது. தூங்கினான்போல.

ஒரு கட்டத்தில் தாவீதின் கை தளர்ந்தது. காற்று திக்கித் திக்கி வந்தது. பூவம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கும்படி அவனிடம் சொன்னாள். மருந்து அடிக்கிறவர்கள் வரப்பு முனையில் டாங்கி மாற்றிக்கொள்கிற மாதிரி சொன்னாள். இது மாவு இடிக்கிற உலக்கை இல்லை என்றான் தாவீது. டாக்டரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார், பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அவள் முதலில் வேகமாக அடித்தாள். வரதனின் தண்ணீரில் புயல் அடித்தது. வேர்கள் பிய்ந்து பறந்தன.

"மெள்ள, தங்கச்சி, மெள்ள," என்றான் தாவீது. "நெஞ்சு எறங்கட்டும். ஊட்லதான் அந்தாள மூச்சுவுட வுடமாட்ட, இங்கியுமா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கை நிதானப்பட்டது. அதிலிருந்து அடிப்பது யார் என்று வரதனுக்குத் தெரிந்தது. தாவீதின் காற்று வந்தவுடன் போய்விடும். இவளுடையது மேலே வந்து ஒரு கணம் நின்றுதான் இறங்கும். ஒவ்வொரு தடவையும் அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விடுகிறாள். கண்ணாடி வளையல் துருத்தியின் தகரத்தில் உரசியது. வரதன் கழனியில் நின்றான். அவள் அவனுக்கு முன்னால் டாங்கி மாட்டிக்கொண்டு நடந்தாள். குழல் நுனியிலிருந்து புகை மாதிரி வந்தது. வாடை இல்லை, வெறும் தண்ணீர். நெல்லெல்லாம் நனைந்து தலை சாய்ந்தன. தண்ணீர் அவன் முகத்தில் பட்டது. குளிர்ந்தது. போதும் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எதுவோ ஒரு வெட்டு வெட்டியது, விக்கல்போல.

பூவம்மாளின் கை நின்றது.

"ஐயா, இது தானா ஆடுது."

"கையை எடுக்காதீங்க," என்றார் துளசிராமன். குனிந்து வரதனின் விலாவில் உள்ளங்கையை வைத்தார். "அவர் இழுக்கறார். இழுக்கறப்போ நீங்களும் கூடவே கொஞ்சம் தள்ளுங்க. அவருக்கு முந்தாதீங்க."

துருத்தி அவள் உள்ளங்கைக்குக் கீழே லேசாக இழுபட்டது. அவள் தள்ளினாள். நின்றது. காத்திருந்தாள். மறுபடியும் இழுபட்டது, இப்போது கொஞ்சம் பலமாக. அவர்கள் இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். அவன் தொடங்குவான், அவள் முடித்துவைப்பாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் தொடங்கிய எதற்கும் அவள் இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தது கிடையாது.

வெயில் சுவரிலிருந்து கூரைக்குப் போன நேரத்தில் குழாயை எடுத்தார்கள். தொண்டை கிழிந்த மாதிரி எரிந்தது. இருமினான். இமை முழுசாகத் திறந்தது. மேலே தண்ணீர் இல்லை. சுண்ணாம்பு பூசிய கூரை, ஒரு பல்லி. தாவீது முக்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான். துருத்தி தலைமாட்டில் தட்டையாகக் கிடந்தது, யாரும் தொடவில்லை. வரதனின் நெஞ்சு ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இறங்கியது.

பூவம்மாள் குனிந்தாள். அவன் உதடு அசைந்ததே தவிர முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டது.

"போலீசு வந்துதா?"

"வந்தா வரட்டும்," என்றாள். "நீ மூச்ச வுடு."

அவன் விட்டான். அவள் முகத்துக்கு நேராக வந்த அந்த மூச்சில் சாம்பல் வாடையும், புளி வாடையும், அதற்கெல்லாம் அடியில் எவ்வளவு தேய்த்தும் போகாத அந்தப் பூண்டு வாடையும் இருந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.